பழைய கம்ப்யூட்டரை விஎம் ஆக்கும்போது: எந்தச் சதவீதத்தில் நின்றது?

எக்ஸ்பி போட்ட கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் ஏதோ ஓர் அலுவலக மூலையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அதில் இருக்கும் மென்பொருளை வேறு எதிலும் ஏற்ற முடியாது. எழுதிக் கொடுத்தவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார், இன்ஸ்டால் சிடியில் கீறல், லைசன்ஸ் எண் எழுதிய காகிதம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பவர் சப்ளையில் கருகல் வாடை வரும். அப்போதுதான் போன் வரும்: "இதை அப்படியே தூக்கி விஎம்முக்குள்ள போட முடியுமா சார்?"

முடியும். விஎம் என்றால் ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் உருவாக்கும் மெய்நிகர் கம்ப்யூட்டர். முதல் முயற்சியிலேயே முடிவதுதான் அபூர்வம். பல வருடமாக இதையே செய்து, ஒரே மாதிரிப் பிழைகளில் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டதில் சேர்த்த குறிப்புகள் இவை. ஓடும் மெஷினை விஎம்மாக மாற்றும் விஎம்வேர் கன்வெர்ட்டரையும், டிஸ்க்கை ஒரு விஎம் டிஸ்க் கோப்பாக எடுக்கும் டிஸ்க்2விஎச்டியையும் வைத்து எழுதியிருக்கிறேன். எங்கே சிக்கியிருக்கிறீர்களோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். போகும் முன் இரண்டு விஷயம்.

முதலாவது, கன்வெர்ட்டர் எந்தச் சதவீதத்தில் நின்றது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரையில் வரும் பிழைச் செய்தி பல நேரம் பொத்தாம் பொதுவாக இருக்கும்; அந்த எண் பொய் சொல்லாது. 1-3 என்றால் ஸ்னாப்ஷாட் (ஓடும் டிஸ்க்கை அந்த நொடியில் இருந்தபடி பிடிப்பது) அல்லது நெட்வொர்க். நடுவில் என்றால் டிஸ்க் அல்லது கேபிள். 97-98 என்றால் தரவு முழுவதும் வந்துவிட்டது, பூட் அமைப்பில்தான் கோளாறு.

இரண்டாவது, பதிப்பு. எக்ஸ்பி, சர்வர் 2003 இரண்டுக்கும் கன்வெர்ட்டர் 5.5 எடுங்கள். விஸ்டாவிலிருந்து மேலே 2017-ல் வந்த 6.2 போதும். 2022 பிப்ரவரியில் கன்வெர்ட்டரைத் தரவிறக்கப் பக்கத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 6.3 என்று திரும்பி வந்தது. அதில் எக்ஸ்பிக்கு இடமில்லை. பழைய இன்ஸ்டாலர் கையில் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். யாரோ எங்கேயோ ஏற்றி வைத்திருக்கும் கோப்பை எடுத்து வாடிக்கையாளர் சர்வரில் ஓட்டாதீர்கள்.

## கன்வெர்ட்டர் பழைய மெஷினோடு பேசவே மறுக்கிறது

ஐபி, யூசர்நேம், பாஸ்வேர்ட் எல்லாம் சரி. ஆனாலும் "இணைக்க முடியவில்லை" அல்லது "ஏஜென்ட்டை நிறுவ முடியவில்லை".

இதற்கு மிக எளிய வழி, சண்டையே போடாமல் இருப்பது. உங்கள் லேப்டாப்பிலிருந்து ஏஜென்ட்டைத் தள்ளுவதை விட்டுவிட்டு, கன்வெர்ட்டரைப் பழைய மெஷினிலேயே நிறுவி, "இந்த மெஷின்" என்று தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். இப்போது நான் முதலிலேயே இதைத்தான் செய்கிறேன்.

அதில் நிறுவ வழியில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்:

- ஃபயர்வால். பழைய மெஷினில் டிசிபி 445, 139, 9089 திறந்திருக்க வேண்டும். ஆன்டிவைரஸுக்குள் தனியாக ஒரு ஃபயர்வால் உட்கார்ந்திருக்கும், அதையும் பாருங்கள்.
- எக்ஸ்பி என்றால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் "சிம்பிள் ஃபைல் ஷேரிங்" டிக்கை எடுங்கள். அது இருக்கும்வரை வெளியிலிருந்து வரும் எல்லோரும் கெஸ்ட்தான், அட்மின் பாஸ்வேர்டே கொடுத்தாலும்.
- உங்கள் லேப்டாப் விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் அதில் எஸ்எம்பி 1 அணைக்கப்பட்டிருக்கும். எக்ஸ்பிக்கு வேறு எஸ்எம்பி தெரியாது. இதற்காக எஸ்எம்பி 1-ஐத் திறந்துவைக்க வேண்டாம். மேலே சொன்னபடி உள்ளிருந்தே ஓட்டுங்கள்.
- டொமைனில் இல்லாத விண்டோஸ் 7 என்றால் யுஏசி தடுக்கும். உள்ளேயே இருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை இயக்கி அதன் பெயரில் நுழையுங்கள்.

### பழைய மெஷின் சரி, ஈஎஸ்எக்ஸ்ஐ பக்கம்தான் இணைய மாட்டேன் என்கிறது

ஈஎஸ்எக்ஸ்ஐ என்பது விஎம்களை ஓட்டும் விஎம்வேரின் சர்வர் மென்பொருள். கன்வெர்ட்டர் 5.5 பேசும் பழைய டிஎல்எஸ் குறியாக்கத்தைப் புதிய ஈஎஸ்எக்ஸ்ஐ ஏற்காது. இரண்டையும் நேரடியாகச் சேர்க்க முயன்று ஒரு மாலையை வீணாக்காதீர்கள். சேரும் இடத்தை "விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன்" என்று கொடுத்து, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ ஷேரிலோ கோப்பாக எடுங்கள். அப்புறம் அந்த விஎம்மைப் புதிய கன்வெர்ட்டரில் மூலமாகக் கொடுத்து ஈஎஸ்எக்ஸ்ஐக்கு ஏற்றுங்கள். இரண்டு படி ஆகும்.

கோப்பைக் கையால் டேட்டாஸ்டோரில் போடுவதாக இருந்தால் விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ் மூலம் ஒரு நகல் எடுத்து அதைத்தான் இணைக்க வேண்டும். வொர்க்ஸ்டேஷன் வடிவ டிஸ்க்கை ஈஎஸ்எக்ஸ்ஐ அப்படியே ஏற்றுக்கொள்ளாது.

## 1 முதல் 3 சதவீதத்துக்குள் விழுந்துவிடுகிறது

### செய்தியில் "ஸ்னாப்ஷாட்" என்ற சொல் இருக்கிறது

இது விஎஸ்எஸ், அதாவது ஸ்னாப்ஷாட் எடுக்கும் விண்டோஸின் வால்யூம் ஷேடோ காப்பி. டிஸ்க்2விஎச்டியும் அதே விஎஸ்எஸ்ஸைத்தான் நம்பியிருக்கிறது, எனவே கருவியை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

1. ரீஸ்டார்ட். கேலி செய்யவில்லை. மூன்று வருடமாக ஆன் செய்தபடியே இருக்கும் மெஷின் அது. ஆனால் ரீஸ்டார்ட் செய்யும் முன் முக்கியமான ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். அணைத்த பழைய மெஷின் திரும்ப எழும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.
2. சர்வீசஸில் "வால்யூம் ஷேடோ காப்பி" டிசேபிள் ஆகியிருக்கிறதா? மெஷினை வேகமாக்குகிறேன் என்று யாரோ அணைத்து வைத்திருப்பார்கள். மேனுவல் என்று மாற்றுங்கள்.
3. கமாண்ட் விண்டோவில் விஎஸ்எஸ்அட்மின் கட்டளையால் ரைட்டர்களைப் பட்டியலிடுங்கள். எல்லாம் "ஸ்டேபிள்" என்று இருக்க வேண்டும். ஒன்று "ஃபெயில்டு" என்றால் அது எந்த மென்பொருளுடையது என்று பார்த்து அதன் சர்வீஸை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.
4. அதே கட்டளையில் புரவைடர்களையும் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் தவிர வேறு பெயர் இருந்தால், அது என்றோ போட்ட பேக்கப் மென்பொருளின் மிச்சம். அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.
5. இடம். சி டிரைவில் 40 ஜிபி காலியாக இருக்கிறதே என்பீர்கள். சிக்கல் விண்டோஸ் 7-ன் அந்த 100 எம்பி "சிஸ்டம் ரிசர்வ்டு" பார்ட்டிஷனில் இருக்கும். 500 எம்பிக்குக் குறைவான பார்ட்டிஷனில் குறைந்தது 50 எம்பியாவது காலியாக இருந்தால்தான் ஸ்னாப்ஷாட் எடுக்கும். அதற்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்து உள்ளே பாருங்கள். பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் ஜர்னல் இடத்தைத் தின்றிருக்கும். எஃப்எஸ்யூட்டில் கட்டளையால் அந்த ஜர்னலை நீக்கினால் இடம் வந்துவிடும்.
6. எக்ஸ்பியில் எல்லாப் பார்ட்டிஷனும் ஃபேட்32 என்றால் ஸ்னாப்ஷாட் எடுக்க ஒரு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனாவது வேண்டும். ஏதாவது ஒன்றை மாற்றலாம். அது ஒருவழிப் பாதை, பேக்கப் எடுத்த பிறகு.

ஆறும் செய்தும் விழுந்தால் விஎஸ்எஸ்ஸோடு போராடுவதை விட்டு, மெஷினை அணைத்து, குளோன்சில்லா யுஎஸ்பியில் பூட் செய்து முழு டிஸ்க்கையும் இமேஜ் எடுத்துவிடுங்கள். லினக்ஸின் டிடி கட்டளையால் ரா இமேஜ் எடுத்தால் க்யூஇஎம்யு-இமேஜ் கருவி அதை விஎம்டிகே, விஎச்டிஎக்ஸ், க்யூகவ்2 என்ற விஎம் டிஸ்க் வடிவங்களில் எதுவாக வேண்டுமானாலும் மாற்றித் தரும். ஒரே விஷயம், கன்வெர்ட்டர் செய்துதரும் டிரைவர் வேலைகளை இந்த வழியில் நீங்கள்தான் செய்ய வேண்டும். கீழே நீலத்திரைப் பகுதி அதற்குத்தான்.

### செய்தியில் நெட்வொர்க், ஹோஸ்ட், டைம்அவுட் மாதிரி ஏதோ இருக்கிறது

பழைய மெஷினிலிருந்து ஈஎஸ்எக்ஸ்ஐயின் பெயருக்கு பிங் செய்யுங்கள், ஐபிக்கு அல்ல. தரவு பழைய மெஷினிலிருந்து நேரே ஈஎஸ்எக்ஸ்ஐக்குப் போகிறது. உங்கள் லேப்டாப்பிலிருந்து பெயர் கிடைப்பதால் ஒன்றும் ஆகாது. பெயர் கிடைக்கவில்லையா, ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள். விசென்டர் (பல ஈஎஸ்எக்ஸ்ஐகளைச் சேர்த்து நிர்வகிக்கும் மென்பொருள்) வழியாகப் போனாலும் ஒவ்வொரு ஈஎஸ்எக்ஸ்ஐயின் பெயரும் கிடைக்க வேண்டும். அடுத்தது போர்ட் 443, 902. 902-ஐ மறந்துவிடுவார்கள். இவை இரண்டும் சரியாகியும் நின்றால் சுவிட்சைப் பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். இடையில் விலேன் தடுப்பு இருக்கக்கூடும்.

## நடுவழியில் நிற்கிறது

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறதா, ஒரே இடத்திலா? அதைத் தெரிந்துகொள்ள இரண்டு முறை ஓட்ட வேண்டியிருக்கும்.

வெவ்வேறு இடம் என்றால் கேபிளை மாற்றுங்கள், சுவிட்ச் போர்ட்டை மாற்றுங்கள், பவர் ஆப்ஷன்ஸில் ஸ்லீப்பை அணையுங்கள். ஒரு நூல் மில் அலுவலகத்தில் தினமும் ராத்திரி 1 மணி வாக்கில் நின்றுகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் உட்கார்ந்து பார்த்தேன். 1 மணிக்கு ஆன்டிவைரஸின் முழு ஸ்கேன் ஆரம்பிக்கிறது.

ஒரே இடம் என்றால், அதுவும் "டேட்டா எரர், சைக்ளிக் ரிடன்டன்சி செக்" என்று வந்தால், ஹார்ட் டிஸ்க்கில் பேட் செக்டர். இங்கே நிதானம் வேண்டும். இணையத்தில் எல்லோரும் சிஎச்கேடிஎஸ்கே ஓட்டு என்பார்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அதை ஓட்டுவது, காய்ச்சல்காரனை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவது மாதிரி. முதலில் டிஸ்க் தன் நலம் பற்றித் தானே பதிந்து வைத்திருக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். ரீஅலொகேட்டட், பென்டிங் செக்டர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது என்றால் டிஸ்க்கைக் கழற்றி, லினக்ஸ் மெஷினில் மாட்டி, டிடிரெஸ்க்யூவால் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். படிக்க முடிந்ததை எல்லாம் முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் அது திரும்பும். சிஎச்கேடிஎஸ்கே அந்த நகலில் ஓடட்டும்.

டிஸ்க் டிக்-டிக் என்று சத்தம் போடுகிறதா? பவரை எடுத்துவிடுங்கள். இன்னொரு முறை ஆன் செய்து பார்க்கலாமா என்று கூட வேண்டாம். உள்ளே இருப்பது பணம் பெறும் தரவு என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் போக வேண்டிய இடம் இதுதான். செலவு ஆகும். நீங்கள் நோண்டிய பிறகு போனால் கூடுதலாக ஆகும்.

## நிற்கவில்லை, ஊர்ந்து போகிறது

கணக்கு போட்டுப் பாருங்கள். 100 எம்பிட் நெட்வொர்க் கார்டில் நொடிக்கு 11 எம்பி போல வரும். 80 ஜிபி டிஸ்க்குக்கு இரண்டு மணி நேரம். அது இயல்பு. யுஎஸ்பி 1.1 இருக்கும் மெஷினில் வெளி டிஸ்க்கை மாட்டினால் நொடிக்கு 1 எம்பி. அதே 80 ஜிபிக்கு ஒரு நாள் ஓடும். நெட்வொர்க் வழியே போங்கள்.

இதற்கும் கீழே இருந்தால்:

முதல் சந்தேகம், பார்ட்டிஷன் அளவைக் குறைத்திருக்கிறீர்களா என்பது. விஎம்மில் இடம் மிச்சமாகட்டும் என்று 250 ஜிபியை 100 ஆகக் குறைத்தால் கன்வெர்ட்டர் பிளாக் பிளாக்காக எடுப்பதை விட்டு ஒவ்வொரு கோப்பாக எடுக்க ஆரம்பிக்கும். லட்சக்கணக்கில் சின்னக் கோப்புகள் இருந்தால் விடிந்துவிடும். அளவை அப்படியே விட்டு, டிஸ்க் வகையைத் "தின்" என்று வையுங்கள்.

அடுத்து டூப்ளெக்ஸ். பழைய கார்டு 100 ஃபுல் என்று கையால் வைக்கப்பட்டிருந்து சுவிட்ச் ஆட்டோவில் இருந்தால் வேகம் படுத்துவிடும். இரண்டையும் ஆட்டோ ஆக்குங்கள்.

கடைசியாக எஸ்எஸ்எல். கன்வெர்ட்டர் 5-லிருந்து தரவைக் குறியாக்கம் செய்து அனுப்புகிறது. பென்டியம் 4 அதில் திணறும். கன்வெர்ட்டரின் புரோகிராம்டேட்டா ஃபோல்டரில் (எக்ஸ்பியில் ஆல் யூசர்ஸின் அப்ளிகேஷன் டேட்டாவுக்குள்) வொர்க்கர் எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதில் என்எஃப்சி பகுதியில் "யூஸ் எஸ்எஸ்எல்" ட்ரூ என்பதை ஃபால்ஸ் ஆக்கி, வொர்க்கர் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேலை முடிந்ததும் திரும்ப மாற்றிவிடுங்கள்.

## 97, 98-ல் விழுகிறது

அழ வேண்டாம், அந்த விஎம்மை அழிக்கவும் வேண்டாம். எட்டு மணி நேரம் ஓடிய தரவு முழுவதும் அதற்குள் இருக்கிறது. புதிய வீட்டுக்கேற்றபடி டிரைவர், பூட் அமைப்பு மாற்றும் கடைசிக் கட்டம் மட்டும்தான் தவறியிருக்கிறது.

கன்வெர்ட்டரில் "கன்ஃபிகர் மெஷின்" என்று ஒரு பொத்தான் உண்டு. விழுந்த விஎம்மை அதற்குக் கொடுத்தால் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் திரும்ப ஓட்டும். முதலில் அதைச் செய்யுங்கள். சரியாகாவிட்டால் வேலையின் மேல் ரைட் கிளிக் செய்து லாகை எடுத்து, வொர்க்கர் லாகின் கடைசிப் பக்கத்தில் பாருங்கள்.

"சிஸ்டம் வால்யூமைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று இருந்தால், சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனைத் தேர்வில் விட்டுவிட்டீர்கள். சி மட்டும் போதும் என்று நினைப்பது எல்லோரும் ஒரு முறை செய்யும் தவறு. அதையும் சேர்த்து மறுபடி எடுக்க வேண்டியதுதான். எல்லாம் எடுத்தும் இதே செய்தி என்றால், எந்தப் பார்ட்டிஷன் ஆக்டிவ் என்று டிஸ்க்பார்ட்டில் பாருங்கள், எக்ஸ்பியில் பூட்.ஐஎன்ஐயைத் திறந்து பாருங்கள்.

## விஎம் ஆன் ஆகிறது, கறுப்புத் திரையோடு நிற்கிறது

"ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்லை". முதலில் விஎம்மின் ஃபர்ம்வேர். மூல மெஷின் பயாஸ் என்றால் விஎம்மும் பயாஸ், மூல மெஷின் யுஇஎஃப்ஐ என்றால் விஎம்மும் யுஇஎஃப்ஐ. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் இதுவே ஜெனரேஷன் 1, ஜெனரேஷன் 2. பயாஸில் ஓடிய பழைய மெஷின் எதுவானாலும் ஜெனரேஷன் 1-தான், பூட் டிஸ்க் ஐடிஇயில். அடுத்தது ஆக்டிவ் பார்ட்டிஷன். அதற்கும் பிறகு விண்டோஸ் டிவிடியில் பூட் செய்து பூட்ரெக் கட்டளையின் மூன்று வேலைகள்: எம்பிஆர், பூட் செக்டர், பிசிடி (விண்டோஸின் பூட் பட்டியல்).

"ஹால்.டிஎல்எல் காணவில்லை". அந்தக் கோப்பு இருக்கும், பத்திரமாக. எக்ஸ்பி தப்பான பார்ட்டிஷனில் தேடுகிறது. சில பிராண்டு மெஷின்களில் சிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பரிசோதனைப் பார்ட்டிஷன் இருக்கும். அதை விட்டுவிட்டு எடுத்தால் சி 2-லிருந்து 1 ஆகிவிடும், பூட்.ஐஎன்ஐயில் மட்டும் 2 என்றே இருக்கும். விஎம்டிகேவை வேறொரு விஎம்மில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, நோட்பேடில் அந்த எண்ணை மாற்றினால் முடிந்தது.

"ரெக்கொயர்டு டிவைஸ் இன்அக்ஸசபிள்", 0எக்ஸ்சி என்று தொடங்கி ஈ என்று முடியும் பிழை எண். டிஸ்க்2விஎச்டியில் எடுத்த கோப்பை, எடுத்த மெஷினிலேயே மாட்டிப் பார்த்தீர்களா? ஒரே டிஸ்க் சிக்னேச்சர் இரண்டு இருக்கக் கூடாது என்று விண்டோஸ் நகலின் சிக்னேச்சரை மாற்றி எழுதிவிடும், பிசிடி பழையதையே தேடும். பிசிடியைத் திரும்பக் கட்டினால் சரியாகும். கோப்பைச் சோதிக்க வேண்டுமானால் எப்போதும் வேறு மெஷினில் மாட்டுங்கள்.

"எ டிஸ்க் ரீட் எரர் அக்கர்டு". இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு இரண்டு இரவு போனது. ஒரு பழைய லேப்டாப், எக்ஸ்பி. கன்வெர்ட்டர் 100 சதவீதம் என்றது, தரவு எல்லாம் தெரிகிறது, பூட் மட்டும் ஆகவில்லை. எம்பிஆரைத் திரும்ப எழுதினேன், பூட் செக்டரைத் திரும்ப எழுதினேன், மறுபடியும் எடுத்தேன். அதே வரி. விஷயம் இதுதான்: சில லேப்டாப்களின் பயாஸ் டிஸ்க்குக்கு 240 ஹெட் என்று கணக்கு வைத்திருக்கும்; விஎம்மின் பயாஸ் 255 என்கும். எக்ஸ்பியின் என்டிஎஃப்எஸ் பூட் செக்டரில் 240 என்றே பதிந்திருப்பதால் தப்பான இடத்தில் போய்ப் படிக்கிறது.

சரிசெய்ய: டிஸ்க்கை வேறொரு விஎம்மில் மாட்டி, ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் சி பார்ட்டிஷனின் முதல் செக்டரைத் திறங்கள். டிஸ்க்கின் முதல் செக்டர் வேறு, பார்ட்டிஷனின் முதல் செக்டர் வேறு, இரண்டாவதுதான் வேண்டும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 26-வது பைட். அங்கே எஃப்0 என்று இருந்தால் எஃப்எஃப் என்று மாற்றிச் சேமியுங்கள். மாற்றும் முன் அந்த செக்டரை ஒரு கோப்பாக எடுத்து வையுங்கள். ஒரே ஒரு பைட். ஹெக்ஸ் எடிட்டரில் கை நடுங்குபவர் இதை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை.

## நீலத்திரை

### எண் 7பி

பூட் டிஸ்க்கின் கன்ட்ரோலருக்கு டிரைவர் இல்லை. வரும் நீலத்திரைகளில் மிகப் பெரும்பாலானது இதுதான்.

எளியது: விஎம்மின் கன்ட்ரோலரை மாற்றிப் பாருங்கள். எக்ஸ்பிக்கு ஐடிஇ, 2003-க்கு எல்எஸ்ஐ லாஜிக் பேரலல், விண்டோஸ் 7-க்கும் 2008-க்கும் எல்எஸ்ஐ எஸ்ஏஎஸ். விண்டோஸ் 8-லிருந்து மேலே ஒரு முறை சேஃப் மோடில் எழுப்பினால் பல நேரம் தானே சரியாகிவிடும்.

பழைய மெஷின் இன்னும் ஓடுகிறது என்றால் அதிலேயே டிரைவரை முன்கூட்டிப் பதிந்துவிட்டு மறுபடி எடுப்பது சுத்தமான வழி. ஐடிஇ டிரைவர்களைப் பதியும் மெர்ஜ்ஐடிஇ என்ற ரெக் கோப்பு எக்ஸ்பி காலத்திலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. அதை ஓட்டினால் மட்டும் போதாது. ஏடிஏபிஐ, இன்டெல்ஐடிஇ, பிசிஐஐடிஇ, பிசிஐஐடிஇஎக்ஸ் என்ற நான்கு டிரைவர் கோப்புகளும் சிஸ்டம்32-ன் டிரைவர்ஸ் ஃபோல்டரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாததை டிரைவர்.கேப் கோப்பிலிருந்து எடுக்கலாம்.

பழைய மெஷின் போய்விட்டது, கையில் இமேஜ் மட்டும் என்றால்: டிஸ்க்கை வேறு விஎம்மில் மாட்டுங்கள். ரெஜ்எடிட்டில் லோக்கல் மெஷினைத் தேர்ந்து, லோட் ஹைவ் (வெளி ரெஜிஸ்ட்ரிக் கோப்பை ஏற்றுவது) கொடுத்து, மாட்டிய டிஸ்க்கின் விண்டோஸ், சிஸ்டம்32, கன்ஃபிக் ஃபோல்டரில் உள்ள சிஸ்டம் என்ற கோப்பைத் திறங்கள். இங்கே கரன்ட் கன்ட்ரோல்செட் என்று எதுவும் தெரியாது, திகைக்க வேண்டாம். "செலக்ட்" கீயில் கரன்ட் என்பதன் மதிப்பு 1 என்றால் கன்ட்ரோல்செட்001-க்குள் போங்கள். சர்வீசஸில் உங்கள் கன்ட்ரோலருக்கான டிரைவரின் ஸ்டார்ட் மதிப்பு 0 ஆக இருக்க வேண்டும். விண்டோஸ் 7-ல் பெரும்பாலும் எல்எஸ்ஐ எஸ்ஏஎஸ் டிரைவர் அங்கேயே இருக்கும், ஸ்டார்ட் மட்டும் 3 என்று தூங்கிக்கொண்டிருக்கும். மாற்றி, ஹைவை அன்லோட் செய்துவிட்டு எழுப்புங்கள். அன்லோட் செய்ய மறந்தால் கோப்பு பூட்டியபடியே இருக்கும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற விஎம் ஹோஸ்டில் விர்ட்ஐஓ (விஎம்முக்கென்றே உள்ள வேகமான டிஸ்க் இணைப்பு) வேண்டும் என்றால் அவசரப்படாதீர்கள். முதலில் ஐடிஇ அல்லது சாட்டாவில் எழுப்புங்கள். 1 ஜிபி அளவில் வெறும் டிஸ்க் ஒன்றை விர்ட்ஐஓவில் கூடுதலாக இணைத்து, டிரைவரை நிறுவி, அணைத்து, அதன்பின் பூட் டிஸ்க்கை மாற்றுங்கள்.

### எண் 7ஈ, பக்கத்தில் இன்டெல்பிபிஎம் என்ற பெயர்

இன்டெல் பிராசஸரில் இருந்ததை ஏஎம்டி ஹோஸ்டில் போட்டால் வரும். மேலே சொன்னபடி ஹைவைத் திறந்து இன்டெல்பிபிஎம் சர்வீஸின் ஸ்டார்ட் மதிப்பை 4 ஆக்குங்கள்.

### எண் 79

ஹால் (விண்டோஸுக்கும் வன்பொருளுக்கும் இடையில் உள்ள அடுக்கு) பொருந்தவில்லை. எக்ஸ்பி, 2003-ல் மட்டும் வரும் தலைவலி. விஎம்முக்கு எத்தனை சிபியு கொடுத்தீர்கள்? மூலத்தில் ஒரு கோர் இருந்தால் விஎம்மிலும் ஒன்றே கொடுங்கள். தீராவிட்டால் எக்ஸ்பி சிடியில் ரிப்பேர் இன்ஸ்டால். அது மென்பொருளைத் தொடாது, ஆனால் போட்ட அப்டேட்கள் போகும். விஎம்மின் ஒரு நகலில் செய்துபாருங்கள்.

## எழுந்துவிட்டது, ஆனால்…

முதல் முறை எழுப்பும்போது விஎம்மின் நெட்வொர்க்கைத் துண்டித்தே எழுப்புங்கள். பழையதும் புதியதும் ஒரே பெயர், ஒரே ஐபியில் ஒரே நேரத்தில் நெட்வொர்க்கில் வந்தால் இரண்டும் குழம்பும். டொமைனில் இருக்கும் மெஷின் என்றால் இன்னும் மோசம்: 30 நாளுக்கு ஒரு முறை மெஷின் பாஸ்வேர்ட் மாறும், ஒன்று மாற்றிவிட்டால் மற்றது "டிரஸ்ட் ரிலேஷன்ஷிப்" என்று வெளியே நிற்கும். டொமைன் கன்ட்ரோலரையே இப்படி விஎம் ஆக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். புதிய விஎம்மில் புதிய டொமைன் கன்ட்ரோலர் எழுப்பி, பழையதை முறைப்படி இறக்குங்கள். இதற்கு முன் செய்ததில்லை என்றால் அதை அறிந்த ஆளைக் கூப்பிட வேண்டிய வேலை இது.

பழைய ஐபியைக் கொடுத்தால் "வேறு அடாப்டரில் இருக்கிறது" என்கிறது. பழைய கார்டு பேயாக உள்ளே இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் "மறைந்தவற்றைக் காட்டு" கொடுத்தாலும் எக்ஸ்பியில் தெரியாது. கமாண்ட் விண்டோவில் டெவ்எம்ஜிஆர், ஷோ, நான்பிரசன்ட், டிவைசஸ் என்ற நான்கு சொல்லையும் அடிக்கோட்டால் சேர்த்த சூழல் மாறிக்கு 1 என்று மதிப்பு கொடுத்து, அதே விண்டோவிலிருந்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து "மறைந்தவற்றைக் காட்டு" கொடுத்தால் மங்கலாகத் தெரியும். நெட்வொர்க் கார்டை மட்டும் நீக்குங்கள்.

சும்மா இருக்கும்போதே சிபியு 100. ஹால்தான் மறுபடியும், அல்லது பழைய பிராண்டின் ரெய்டு, விசிறி கண்காணிப்பு மென்பொருள்கள் இல்லாத வன்பொருளைத் தேடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். எக்ஸ்பிக்கு விஎம்வேர் டூல்ஸ் போட, விஸ்டாவுக்கு முந்தையவற்றுக்கென்று தனி ஐஎஸ்ஓ இருக்கிறது. புதியது ஏறாது.

ஆக்டிவேட் செய்யாமல் உள்ளே விடமாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் அந்தப் பெட்டிக்கு மட்டும் உரிமையானது. விஎம்முக்குப் போக அதற்கு அனுமதி இல்லை. ரீடெயில் அல்லது வால்யூம் லைசன்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். சேஃப் மோடில் நுழைய முடியும் என்பதால் தரவை எடுக்க மட்டும் வேண்டும் என்றால் அது போதும்.

லினக்ஸ் என்றால் மூன்று இடம் பார்த்தால் போதும். ரூட் கிடைக்கவில்லை என்றால் மீட்பு சிடியில் எழுந்து, குரூட் செய்து, விஎம்மின் டிஸ்க் டிரைவரோடு இனிட்ஆர்டியை மறுபடி கட்டுங்கள். எஃப்எஸ்டேபில் எச்டிஏ, சிசிஐஎஸ்எஸ் போன்ற பழைய டிஸ்க் பெயர்களை மாற்றுங்கள். நெட்வொர்க் கார்டு ஈத்0 என்று வராமல் ஈத்1 என்று வந்தால் யுடேவ் ரூல்ஸில் 70 என்று தொடங்கும் நெட் கோப்பை நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

டாங்கிள் (மென்பொருள் ஓடச் செருகியிருக்க வேண்டிய சாவி), சீரியல் போர்ட். கடைசியாக வைத்திருக்கிறேன், ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஓர் எடைமேடை கம்ப்யூட்டரை அழகாக விஎம் ஆக்கி எழுப்பிவிட்டு, லாரி வந்து மேடையில் ஏறியபோதுதான் எடை எங்கிருந்து வரும் என்று யோசித்தேன். பின்பக்கம் 9 முள் சீரியல் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. யுஎஸ்பி டாங்கிளை ஹோஸ்டில் மாட்டி விஎம்முக்குக் கடத்தலாம். விஎம் வேறு ஹோஸ்டுக்குப் போனால் கூடவே வராது, அதனால் நெட்வொர்க் வழியே யுஎஸ்பி தரும் பெட்டி ஒன்று நல்லது. சீரியலுக்கும் அப்படியே, ஈதர்நெட்டில் சீரியல் தரும் பெட்டி. அது விஎம்முக்குள் காம் 1 ஆகவே வர வேண்டும், பழைய மென்பொருளுக்கு வேறு எண் தெரியாது.

பிரின்டர் போர்ட்டில் செருகும் 25 முள் டாங்கிள் என்றால் வெளி டிஸ்க்கை எடுக்கும் முன்பே நிறுத்துங்கள். யுஎஸ்பியிலிருந்து பேரலல் தரும் கேபிள் பிரின்டருக்கு ஆகும், டாங்கிளுக்கு ஆகாது. உண்மையான பேரலல் போர்ட் உள்ள ஹோஸ்ட் வேண்டும், அல்லது மென்பொருள் விற்றவர் டாங்கிளை மாற்றித் தர வேண்டும். அவருக்குப் போன் போட்டு, பதில் வந்த பிறகு கன்வெர்ட்டரைத் திறங்கள்.